பன்னேருகட்டாவின் நிலா அந்துப்பூச்சி

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் ஹெப்பகோடி. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் நடுவில் உள்ள இந்த ஊருக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் வந்தது. இங்கிருந்து மேற்கே போனால், கிரானைட் பட்டறைகள் நிறைந்த ஜிகணி. அதையும் தாண்டினால் பன்னேருகட்டாக் குன்றுகள். பாறையும் முட்புதரும் கோடையில் இலை உதிர்க்கும் மரங்களுமாக விரியும் இந்தக் காடு 1974இல் தேசியப் பூங்காவானது. எளிதில் கண்ணில் படாத நிலா அந்துப்பூச்சிக்கு ஏற்ற வாழிடம் இது.

ஆக்டியாஸ் செலீன் என்பது இதன் அறிவியல் பெயர். இறக்கையை விரித்தால் 10 முதல் 12 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நிறம் வெளிறிய பச்சை; உடல் பஞ்சுபோல் வெள்ளை. நான்கு இறக்கைகளிலும் கண் போன்ற புள்ளி ஒவ்வொன்று. பின்னிறக்கைகள் நீண்டு, முறுக்கிய வால்களாக முடியும். வால் அறுந்துபோன பூச்சியையும் முன்னிறக்கையின் மேல்விளிம்பில் ஓடும் கருஞ்சிவப்புக் கோட்டைக் கொண்டு இனம் காணலாம். உணர்கொம்பு அகன்ற சீப்புப் போல் இருந்தால் ஆண், ஒடுங்கியிருந்தால் பெண். இதே காட்டு மரங்களில் வளரும் டசர் பட்டுப்பூச்சிக்கு வால் இல்லை; அதன் கண்புள்ளி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்.

வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்த சத்தைக் கொண்டே ஏறக்குறைய ஒரு வாரம் வாழ்ந்து, இரவில் இணை சேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. காண்பது அரிதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இதைத் தேடுபவர் முதலில் அறிய வேண்டியது மரத்தை. ஒதியன், மருது போன்ற மரங்களின் இலைகளே புழுவின் உணவு. சிவப்பாகப் பிறக்கும் புழு, தோல் உரித்து வளர வளரப் பச்சையாகி இலையோடு கலந்துவிடும். ‘ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா’ என்று பழமொழி ஒதுக்கிய மரம் இந்தப் பூச்சிக்குத் தாய்வீடு. வேலியோரத்தில் நடும் ஒதியன் போத்தும் தழைத்தால் புழுவுக்கு இரை தரும்.

புழு இலைகளை இழுத்துச் சேர்த்து, அவற்றுக்குள் பழுப்புக் கூடு கட்டுகிறது. வறண்ட மாதங்களைக் கூட்டுக்குள்ளேயே கழிக்கவும் அதனால் முடியும். ஆகவே சருகுகளுக்குத் தீ வைத்தால் அவற்றோடு கிடக்கும் கூடுகளும் எரியும். இரவில் காட்டுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் மழைக்காலக் காலைகளில், காட்டோர ஊர்களின் விளக்குக் கம்பங்களின் அடியிலும் சுவர்களிலும் தேடிப் பார்க்கலாம். விளக்கொளி இவற்றைத் திசைமாற்றி இழுப்பதால், காட்டோரத்தில் தேவையற்ற விளக்குகளை அணைப்பதும் வேலியோர ஒதியனை வெட்டாமல் விடுவதும் இந்த இனத்துக்குச் செய்யும் நேரடி உதவி.