காக்கி உடுத்திய கும்பல்

(மல்லசமுத்திரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து ஸ்காட்ஸ்பரோ எனும் ஊரில், கருப்பின இளைஞர் ஒன்பது பேரைக் கூண்டிலேற்றினார்கள். மன்றத்தின் வெளியே வெறிகொண்ட வெள்ளையர் கூட்டம். உள்ளே வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி! எட்டுப் பேருக்கு மரண தண்டனை என்றார்கள். உலகம் கொதித்தெழுந்தது. மறு ஆண்டே அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிற்று.

அங்கே கும்பல் வாயிலில் நின்றது. வாச்சாத்தியிலோ கும்பல் காக்கி உடுத்தி, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தது!

வாச்சாத்தி, தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலே, சித்தேரி மலையடிவாரத்தில், மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்தார்கள் வனத்துறையினர் 155 பேர், காவலர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். குடிநீர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்களை வன்புணர்ச்சிக்கு ஆளாக்கினார்கள். பிறகு சிறைக்கு அனுப்பியது யாரை? அந்த ஊர்ப் பெண்களை! 90 பெண்கள், 28 சிறுவர். இதோ, பக்கத்திலே இருக்கும் சேலம் சிறைக்கு! நம் வீட்டுப் பெரியவர்கள் துணி எடுக்கச் சேலம் போய்வந்த அதே நாட்களில், அந்த மதிலுக்குள்ளே அவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

நான் நாடகம் எழுதுகிறவன். இதைக் காட்சியாக மேடையேற்றினால், ‘மிகை ஐயா, மிகை’ என்று முன்வரிசையிலேயே முணுமுணுப்பீர்கள்.

நம் கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த தோழர் ஏ.நல்லசிவன் நீதிமன்றப் படியேறினார். மலைவாழ் மக்கள் சங்கம் உடன் நின்றது. 1995-இல் சி.பி.ஐ. விசாரணை வந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தாமதம்! ஆனாலும் அந்தப் பெண்கள் அசைந்தார்களா? காக்கிச் சட்டைக்காரர்களின் முகத்துக்கு நேரே விரல் நீட்டி, ‘இவன்தான்’ என்றார்கள். சட்டம் கற்றவர்களின் குறுக்குக் கேள்விகளுக்குச் சளைக்காமல் நின்றார்கள். வழக்கு நிலைத்தது அந்த விரல்களாலே!

2011 செப்டம்பர் 29. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் மாண்டிருந்தனர். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி அமர்வு நீதிமன்றம். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-இல் அதே நாளில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அதை உறுதி செய்தார். அதற்கு முன் அவர் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தவர். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பாதிக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய். அதில் பாதியை வன்கொடுமை புரிந்தவர்களிடமிருந்தே பெறுக என்றார்.

அந்தப் பதினெட்டுப் பேரில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள் தோழர்களே. அவர்கள் பங்கைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள் என்று தீர்ப்பிலேயே எழுத வேண்டியதாயிற்று.