வடக்கன்குளத்துச் சுவரும் நம் வழக்கும்

சிற்றூர்க் கோயில் ஒன்றின் கட்டடக் கலையையும் வரலாற்றையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கோபுரத்தின் உயரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் வியந்து பேசுதல் எளிது. நாம் தரையைப் பார்க்க விரும்புகிறோம். மக்கள் எங்கே அமர்ந்தார்கள் என்பதைத் தரைதான் சொல்லும்.

நெல்லை மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில் உள்ளது வடக்கன்குளம். இயேசு சபைக் குருக்கள் பணியாற்றிய பழைய கிறித்தவ ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை 1745-இல் இங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராது பழகிய அவர் 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, 'பிள்ளை' என்னும் சாதிப் பெயரை நீக்கியே அளித்தனர்.

அதே ஊரில் 1872-இல் எழுந்த கோயிலைக் காண்போம். பொதுவாகக் கோயிலில் பீடத்தை நோக்கி நடுக்கூடம் ஒன்றே இருக்கும். இங்கோ பீடம் ஒன்று, கூடம் இரண்டு. பீடத்திலிருந்து இரண்டு கூடங்களும் ஆங்கில 'வி' எழுத்தைப் போல விலகிச் செல்லும். கால்சட்டை வடிவம் என்று அதனைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கூடம் வெள்ளாளருக்கு, மற்றது நாடார்களுக்கு. நடுவே தடுப்புச் சுவர். பூசை செய்யும் குரு இரு திறத்தாரையும் காணலாம். அவர்கள் ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை! இத்துணை நுட்பமான கணக்கு எதற்குச் செலவாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. மீண்டும் எழுப்பக் கோரிப் பிள்ளை, முதலியார் தரப்பினர் வழக்காடினர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, 1917-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அவ்வழக்கு தோற்றது. தீட்டை அடிப்படையாகக் கொண்ட உரிமையைக் கிறித்தவருக்கு நீதிமன்றம் ஏற்க இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கில் இரு தரப்பினரும் நம்மவர் அல்லரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் கோயிற் சுவரை எதிர்த்து நம் முன்னோர் வாளா இருந்துவிடவில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே 1745-இல், புதுச்சேரிக் கோயிலில் தங்களைப் பிரித்த சுவரைப் பற்றிப் பறையர் குலத்துக் கிறித்தவர்கள் குருவிடம் நேரில் சென்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. இச்செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம்.

வடக்கன்குளத் தீர்ப்பு நமக்கு வேறொரு வகையிலும் தொடர்புடையது. கிறித்தவத்தில் தீட்டு இல்லை என்ற நியாயம் அன்று சுவருக்கு எதிராக நின்றது, அதனை வரவேற்கிறோம். ஆனால் கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற வாதம்தான் நமக்கு எதிராகவும் நிற்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம் உறவினர் சேர்க்கப்படவில்லை. சாதி இல்லை என்றால் இரண்டு கூடங்கள் எதற்காகக் கட்டப்பட்டன? 2008-இல் எறையூரில் கோயில் உரிமை கேட்டு நம்மவர் ஏன் போராட நேர்ந்தது?

மதம் மாறிய நம் மக்களின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் நடுவணரசு ஆணையம் அமைத்தது. இத்தகைய ஆய்வுகளுக்கு மேடைப் பேச்சு சான்றாகாது. ஆகவே இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊர்க் கோயிலின் தரைப்படத்தை அளந்து வரையுங்கள். யார் எந்த வாசலால் நுழைந்தனர், எங்கே அமர்ந்தனர், தேர் எத்தெருவோடு திரும்பியது, கல்லறையில் நம்மவர்க்கு இடம் எங்கே என்பதை மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். அளவு நாடா கழக அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளலாம்.