சாக்கடையில் பிறக்கும் யானைக்கால்

டெங்கு கொசு நல்ல தண்ணீரில் வளரும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கோ சாக்கடைதான் தாய்வீடு. தேங்கிய கழிவுநீரும் சரியாக மூடாத செப்டிக் டேங்கும் இருந்தால் போதும், பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும்.

நோய்க்கிருமியைச் சுமக்கும் கொசு திரும்பத் திரும்பக் கடிக்கும்போது, நூல் போன்ற ஒரு புழுவின் குஞ்சுகள் உடம்புக்குள் போகின்றன. வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் குடியிருக்கும். அது ஈனும் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் உலவும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பது அதனால்தான். அந்த நேரத்தில் கதவைத் திறக்க அலுத்துக்கொள்ளாதீர்கள்.

புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை, அங்குள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், கழிவுநீர் தேங்கும் இடங்களைச் சீர்செய்து இந்தக் கொசுவை வெகுவாகக் குறைத்துக் காட்டியது. வழி தெரிந்தும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ஏழைகளின் கால்கள் இன்னும் வீங்குகின்றன. முற்றிவிட்ட வீக்கம் பழையபடி வடிவதில்லை, பிழைப்பே போய்விடுகிறது. இது பெருங்கொடுமை.

உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில், இன்றைக்கே ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள்.