தூள் மருந்தை இழுக்கும் முறை

வீடு வளவு துப்புரவாக்கும்போது தூசியும் புகையும் தொய்வைக் கிளப்பும். தூள் மருந்துக் கருவி தானாக மருந்தை வீசாது. உங்கள் மூச்சின் வேகமே தூளை உடைத்து நுரையீரலுக்குக் கொண்டுபோகும்.

முதலில் மூச்சை வெளியே விடுங்கள். கருவிக்குள் ஊதவேண்டாம், ஈரம் பட்டால் தூள் கட்டியாகும். பின் உதட்டால் இறுக மூடி, தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுங்கள். சில கருவிகள் இழுக்க இறுக்கமாயிருக்கும். அது பழுதல்ல, பலமாக இழுங்கள். 10 செக்கன் மூச்சை அடக்குங்கள். கூட்டில் தூள் மிஞ்சினால் மீண்டும் இழுங்கள்.

தறப்பாள் கொட்டிலில் இருப்போர் மருந்தை ஈரம் படாமல் வையுங்கள்.

பலமாக இழுக்கமுடியாத சிறுவர், முதியோருக்கு வேறு கருவி உண்டு, கிளினிக்கில் கேளுங்கள். பேசமுடியாதளவு மூச்சு முட்டினால் தாமதிக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.