கர்ப்பத்திலேயே காணப்படும் இருதயம்

(பட்டினப்பாக்கத்தில் நடந்த ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபத்துக்காகவும் காணிக்கைக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

இந்தக் கடற்கரைக் குப்பத்து மகள் ஒருத்தி, ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து எங்களிடம் அழுதுகொண்டே வந்தாள். குழந்தையின் இருதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். "நான் என்ன பாவம் செய்தேன், ஐயா?" என்றாள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதையே கேட்டார்கள். ஆண்டவரோ அந்தப் பழியைப் பெற்றோர்மேல் சுமத்தவில்லை என்று அவளுக்குச் சொன்னோம்.

ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேர் இருதயக் குறையோடு பிறக்கிறார்கள். அவற்றில் பெரிய குறைகள் பலவற்றை 18 முதல் 22 வாரத்துக்குள் ஸ்கேனில் காணலாம். ஆனால் நான்கு அறைகளை மட்டும் பார்த்தால் இந்தக் குழாய் மாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடும். குழாய்களையும் பார்க்கப் பயிற்சி வேண்டும். அடுத்த ஊரான மயிலாப்பூரில் டாக்டர் எஸ். சுரேஷின் மெடிஸ்கேன் நிலையம் பல மருத்துவர்களுக்கு அப்பயிற்சியை அளித்திருக்கிறது.

முன்னமே அறிவதால் என்ன பயன்? இத்தகைய குழந்தை பிறக்கும்போது நன்றாகவே தோன்றலாம். சில மணி நேரத்திலோ சில நாளிலோ, கர்ப்பத்தில் திறந்திருந்த சிறு குழாய் மூடிக்கொள்ள, உடல் நீலம் பாரிக்கும். முன்னமே தெரிந்தால் இருதய சிகிச்சை உள்ள இடத்திலேயே பிரசவம் பார்த்து, அந்தக் குழாயை மருந்தால் திறந்து வைத்து, சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்யலாம். அப்படித்தான் அந்த மகளின் பிள்ளை பிழைத்தான்.

எல்லாக் குறைக்கும் பரிகாரம் இல்லை. வேறொரு தாயோடு நாங்கள் கல்லறை வரை நடந்தோம். எனினும், முன்னமே அறிந்ததால் அந்தக் குடும்பம் ஆயத்தமாயிருந்தது. பிள்ளையைக் கையில் ஏந்தி விடைகொடுத்தது.

தகுதியுள்ள ஏழைகளுக்கு அறுவைச் செலவை 2012 முதல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஆனால் ஸ்கேன் கட்டணம், போக்குவரத்து, தகப்பன் கடலுக்குப் போகாத நாட்களின் அடுப்பு ஆகியவற்றை யார் ஏற்பார்? உங்கள் காணிக்கை அங்கேதான் போகிறது.

நீங்கள் முகம் அறியாத அந்தச் சிறு இருதயங்களுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.