பெயர் பொறித்த கல்



கலசப்பாக்கத்திலிருந்து மேற்கே நோக்கினால் சவ்வாது மலை தெரியும். அதனை அடுத்த செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை காக்கும் தொழிலிலே போரிட்டு மாண்டவர்க்கு நட்ட கற்கள் அவை. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரன் பெயரோடு, உடன் போராடிய அவனது நாயின் பெயரும் உண்டு. ‘கோவிவன்’ என்பது அது.

தொழிலகங்களில் போர் நினைவுச் சின்னம் எழுப்பும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. இலண்டன் மாநகரின் லிவர்பூல் தெரு இரயில் நிலையத்தில், முதல் உலகப் போரில் மடிந்த இரயில்வே ஊழியர் 1,100-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் 1922-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டன. நவம்பர் 11 அன்று முற்பகல் 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் காப்பது, 1919 முதல் பிரிட்டானியர் மரபு.

இனி நம்மவர் கதையைக் கேளுங்கள். 1942-43-இல் ஜப்பானியப் படையினர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் அங்கே மடிந்தனர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கோ அத்தகைய கல் இல்லை. 2023-ஆம் ஆண்டிலேதான் அவர்கள் அனைவர்க்குமாக அவ்வூரில் ஒரு நடுகல் எழுந்தது.

மாலை வாடிவிடும், மௌனமும் இரண்டு நிமிடத்தில் கலைந்துவிடும். எஞ்சுவது பெயரே. அத்தொழிலாளருள் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரா என முதியோரைக் கேளுங்கள். பெயர் கிடைத்தால் எழுதி வையுங்கள். நாய்க்கும் பெயர் பொறித்த நாட்டிலே, மனிதர் பெயர் அழிந்து போகலாமா?