ஒரு சிட்டிகை மண்ணும் ஏழு ஆண்டுப் பயணமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூரியக் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எட்டுக் கோள்களையும் சுற்றி வருவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசுகிறேன். இட்டோகாவா என்ற குறுங்கோள். நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

"போயும் போயும் ஒரு கல்லுக்கா விண்கலம்?" என்று கேட்கத் தோன்றும். பூமி போன்ற கோள்கள் பிறந்தபோதே உருகி மாறிவிட்டன. 460 கோடி ஆண்டுக்கு முந்தைய சரக்கு குறுங்கோள்களில்தான் பெரிதும் மிஞ்சியிருக்கிறது. வீடு கட்டி முடித்தபின் மூலையில் கிடக்கும் செங்கல்லையும் மணலையும் பார்த்தால், எதைக் கொண்டு கட்டினார்கள் என்று தெரிந்துவிடுமல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அந்த மண்ணை எடுத்துவர 2003 மே 9 அன்று ஜப்பான் அனுப்பிய கலம் ஹயபுசா. வல்லூறு என்று பொருள். 2005 செப்டம்பரில் கல்லை நெருங்கியது. அதற்குள் கலத்தின் நிலையைக் காக்கும் மூன்று சுழல் சக்கரங்களில் ஒன்று போயிற்று. அக்டோபரில் இன்னொன்றும் போயிற்று. நவம்பரில் இறக்கிவிட்ட குட்டி ரோபோ, கல்லில் இறங்காமல் வெட்டவெளிக்குப் போய்விட்டது.

அப்படியும் கலம் இரண்டு முறை கல்லைத் தொட்டது. சிறு குண்டைச் சுட்டு, தெறிக்கும் தூளைப் பிடிப்பது திட்டம். வெற்றி என்றே முதலில் அறிவித்தார்கள். பிறகு தகவல்களை அலசிப் பார்த்துவிட்டு, "குண்டு சுட்டிருக்காது போலிருக்கிறது" என்று அவர்களே வெளியில் சொன்னார்கள். மறைக்கவில்லை.

அடுத்து எரிபொருள் கசிந்தது. கலம் தடுமாறி, 2005 டிசம்பர் 8 அன்று தொடர்பு அறுந்தது. விடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 46 நாள் கழித்து, 2006 ஜனவரி 23 அன்று மெல்லிய சமிக்ஞை ஒன்று வந்தது. 2007இல் திரும்ப வேண்டியது 2010க்குத் தள்ளிப்போனது.

2009 நவம்பரில், வீடு திரும்பும் வழியில், அயனி எஞ்சினும் நின்றது. இந்த எஞ்சினில் ஒரு பகுதி நேர்மின் அயனிகளை வெளியே தள்ளும். இன்னொரு பகுதி எலக்ட்ரான்களைக் கொடுத்துச் சமன்செய்யும். ஓர் எஞ்சினில் ஒன்று கெட்டிருந்தது. வேறொன்றில் மற்றது நன்றாக இருந்தது. இரண்டையும் இணைக்கிற சிறு மின்சுற்றைப் புறப்படுவதற்கு முன்பே யாரோ வைத்திருந்தார்கள்! இரண்டு பாதி எஞ்சின்கள் சேர்ந்து ஒரு முழு எஞ்சினாக ஓடின.

2010 ஜூன் 13 அன்று கலம் காற்றில் எரிந்து போயிற்று. அது விட்டுச்சென்ற பெட்டகம் மட்டும் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் வந்து இறங்கியது. திறந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டெஃப்லான் கரண்டியால் வழித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சுமார் 1,500 துகள்கள்! பெரும்பாலானவை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பூமியில் அதிகமாக விழும் விண்கற்கள் இத்தகைய குறுங்கோள்களிலிருந்தே வருகின்றன என்பதற்கு அந்தத் தூசியே சாட்சி சொல்லிற்று.

இப்போது ஒரு வாக்குமூலம். நாங்கள் படித்தபோது ஊசல் சோதனையில் 980 வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். 940 வந்தால் என்ன செய்வோம்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவோம். சிரிக்கிறீர்களே, நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று தெரிகிறது! மதிப்பெண் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த 40 எங்கே போயிற்று என்பதை நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

ஜப்பான்காரர்கள் தங்கள் 940ஐ அப்படியே எழுதி வைத்தார்கள். அதனால்தான் 2014இல் புறப்பட்ட ஹயபுசா-2இல் சுழல் சக்கரங்கள் நான்கு இருந்தன. 2019இல் ரியூகு என்ற குறுங்கோளில் குண்டும் சுட்டது. 2020 டிசம்பரில் வந்து சேர்ந்த மண் 5.4 கிராம். அதில் அமினோ அமிலங்கள்கூட இருந்தன.

தம்பி தங்கைகளே, நாளை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது, வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதுங்கள். பேராசிரியர் ஏன் என்று கேட்டால், "தெரியவில்லை சார், கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். எங்களுக்கு அப்போது அந்தத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு வரட்டும்.